ஆறு மணிப் பட்டன்

மணி ஆறானதும் பூபதிராஜா வந்து மேசையருகே நின்றான்.

"அண்ணி, ஆறாச்சுங்க."

"ஒரே ஒரு மெயில், தம்பி. சார் லைன்ல இருக்காரு."

அவன் காதில் போட்டுக்கொண்டால்தானே? மேசைமேல் இருந்த சின்னப் பெட்டியின் பட்டனை அழுத்தினான். அவ்வளவுதான். திரையிலிருந்த ஆபீஸ் வேலை மறைந்து, துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் வந்து நின்றான். கீபோர்டும் மவுஸும்கூடச் சிப்பாய் பக்கம் போய்விட்டன.

சமையல்கட்டிலிருந்து மாமியார் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, வேலை பாக்கற பொண்ணை எந்திரிக்கச் சொல்லிப்போட்டு வெளையாட்டுக் கேக்குதா உனக்கு? நீயெல்லாம் மனுசனாடா?"

அந்தச் சத்தத்தில் பிரதீபாவுக்குப் போனில் மேனேஜர் ஸ்ரீஜித் பேசியது எதுவும் கேட்கவில்லை. மானிட்டர் போய்விட்டது சார், காலையில் முடித்துத் தருகிறேன் என்று கெஞ்சிவிட்டு எழுந்தாள். அவமானமாக இருந்தது.

கொச்சியில் இருக்கிற கம்பெனிக்கு தமிழும் மலையாளமும் புழங்கும் எல்லையூரான மீனாட்சிபுரத்தில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள் பிரதீபா. கணவன் கத்தாரில். கம்பெனி கொடுத்த லேப்டாப்பின் திரை கறுத்துப் போய் மாசக்கணக்காகிறது. மாற்றித் தருகிறோம், தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அப்போது தன் கேம் கம்ப்யூட்டரின் பெரிய மானிட்டரைத் தானே முன்வந்து கொடுத்தவன் கொழுந்தன் பூபதிராஜாதான். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த அந்தப் பட்டன் பெட்டியையும் அவனே வாங்கி மாட்டினான்.

முதலில் அவள் எழுந்திருக்கும்வரை பேசாமல் காத்திருப்பான். பக்கத்துச் சித்தூர் டாக்டரம்மா, பிரஷர் ஏறுகிறது, சாயங்காலத்துக்கு மேலும் இப்படி உட்கார்ந்திருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று எச்சரித்து அனுப்பிய வாரத்தில்தான் அவனுக்கு இந்த ஆறு மணிப் புத்தி வந்தது. நல்ல நேரம் பார்த்தான்!

ஸ்ரீஜித்தும் லேசுப்பட்டவர் இல்லை. தினமும் சாயங்காலம்தான் அவருக்கு 'ஒரு சின்ன வேலை' ஞாபகம் வரும். பிரதீபா ஒருநாளும் மறுத்ததில்லை. அடுத்த மாதம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கிறார்கள். கர்ப்பிணி, உடம்பு முடியாதவள் என்று தெரிந்தால் கழற்றி விட்டுவிடுவார்களோ என்று பயம்.

கணவனிடம் போனில் தம்பியைப் பற்றிப் புலம்பினாள். அவன் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். அண்ணனும் தம்பியும் ஒரே கட்சி என்று எரிச்சல்தான் மிஞ்சியது.

அடுத்த செக்கப்பில் பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. சொன்னபடி ஓய்வெடுத்தீர்களே என்று டாக்டரம்மா பாராட்டினார். ஓய்வாவது ஒன்றாவது, கொழுந்தன் விரட்டி விடுகிறான் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமும் பூபதிராஜா பட்டனை அழுத்தினான். அறைக்குப் போய்ப் படுத்தவள், போனை மேசையிலேயே விட்டது நினைவு வந்து திரும்பி வந்தாள்.

நாற்காலி காலி. திரையில் அந்தச் சிப்பாய் அநாதையாக நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியே பார்த்தாள். மாட்டுக் கட்டுத்தரையில் உட்கார்ந்து பூபதிராஜா பால் பீச்சிக்கொண்டிருந்தான்.

பிரதீபாவுக்குச் சுர்ரென்று ஏறியது. நேரே கட்டுத்தரைக்குப் போனாள்.

"வெளையாடலைன்னா எனக்கு உட்டிருக்கலாமில்லீங்க, தம்பி? தெனமும் இப்படித்தானா?"

"ஆமாங்க. பால் சொசைட்டி வண்டி வர்றதுக்குள்ள பீச்சோணுமுங்களே."

"அப்புறம் எதுக்கு அந்தப் பட்டனை அழுத்தறீங்க?"

அவன் தலை நிமிரவில்லை. கொஞ்சம் தயங்கித்தான் சொன்னான்.

"முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு வரமாட்டீங்குது, அண்ணி. டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லவும் பயம். கொழுந்தன் சரியில்லைன்னு சொல்றதுல உங்களுக்கு என்னங்க நட்டம்?"

 பிரதீபாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. இத்தனை நாள் மனசுக்குள் இவனை என்னவெல்லாம் வைதிருக்கிறாள். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

"நீங்க நல்லா இருப்பீங்க, தம்பி" என்றாள். 

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். பாவம், பெற்ற தாயிடமும் அல்லவா தினமும் திட்டு வாங்குகிறான். நடந்ததை மாமியாரிடம் சொன்னாள்.

"இனிமேலாவது தம்பியைத் திட்டாதீங்க, அத்தை."

மாமியார் சட்னிக்குத் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"திட்டாம எப்படிக் கண்ணு? போன்ல உங்க சாருக்குக் கேக்கற மாதிரி நல்லாச் சத்தமாத் திட்டோணும்னு சொன்னதே அவந்தான். நம்ம தமிழு அவருக்கு வெளங்குதோ என்னமோன்னு, நாளையிலிருந்து மலையாளத்துல திட்டச் சொல்லீருக்கான்."