கம்மல் படித்துச் சொன்னது

எழுத்துகள் ஜெனிலாவின் கண்முன் நில்லாமல் இடம் மாறி ஓடும். அதனால் காதில் மாட்டியிருக்கும், சின்னக் கேமரா வைத்த கம்மல்தான் அவளுக்கு எல்லாவற்றையும் படித்துச் சொல்லும். "பிறந்தநாளுக்குக் கண்டிப்பா வந்துரு" என்று தோழி அபிஷா செய்தி அனுப்பியிருப்பதாக அது சொன்னது. புதுச் சுடிதாரும் பரிசுப் பையுமாகப் போய் நின்றாள்.

கதவைத் திறந்த அபிஷாவின் முகம் சுருங்கியது. "உன்னை வராதன்னுதானடீ எழுதுனேன்? படிக்கத்தான் தெரியாதுன்னா வெட்கமும் கிடையாதா?" உள்ளே யாரோ சிரித்தார்கள்.

வீட்டில் அம்மா மறைக்கவில்லை. "மனசு நோகுற மாதிரி எது வந்தாலும் மாத்திப் படின்னு நான்தான் கம்மல்கிட்ட சொல்லி வச்சேன். எட்டாங்கிளாஸ்ல கூடப் படிக்கிறவங்க எழுதின கேலியைக் கேட்டு நீ சாப்பிடாமக் கிடந்தியே, எனக்குத் தாங்கலடி."

"அப்போ ரெண்டு வருஷமா என்கிட்ட யாரு நல்லா பேசினது?"



ஜெனிலா கம்மலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தன் போன பிறந்தநாளுக்கு அம்மா கைப்பட எழுதித் தந்த வாழ்த்து அட்டையை எடுத்து, முதல் எழுத்தின் கீழே விரலை வைத்தாள்.

"ஐயோ, அதுல நல்லதுதான்டி எழுதியிருக்கேன்!"

"நானே பாத்துக்கிறேன்" என்றாள் ஜெனிலா, விரலை எடுக்காமல்.