வக்கீலை மாற்றியவள்

“நன்றின்னு ஒண்ணு இருக்கே, கேள்விப்பட்டிருக்கீங்களா ஆயாம்மா?”

மாடிப்படியில வெச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். ஆயாம்மா பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சபடி இறங்கிப் போயிட்டாங்க.

எனக்கு ஆத்திரம் அடங்கல. இருபத்தாறு வருஷமா எங்க சீனியர்கிட்ட குமாஸ்தாவா இருக்கேன். இப்படி ஒரு கட்சிக்காரரைப் பார்த்ததே இல்ல.

ஆஸ்பத்திரியில ஆயாவா இருந்தவங்க. மருந்தைத் திருடினாங்கன்னு பழி போட்டு வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. எந்த வக்கீலும் தொடாத அந்தக் கேஸை எங்க சீனியர் எடுத்து, ஒன்பது வருஷமா தன் சொந்தக் கேஸ் மாதிரி நடத்திக்கிட்டிருக்கார். இன்னும் ரெண்டு மாசத்துல கடைசி விசாரணை. ‘திருடி’ங்கற பேர் போகப்போற நேரம்.

அந்த நேரம் பார்த்து, வேற ஒரு வக்கீல் பேருக்கு வக்காலத்து எழுதிக்கிட்டு வந்து மேஜை மேல வெக்கிறாங்க. பழைய வக்கீல் ‘ஆட்சேபணை இல்லை’ன்னு கையெழுத்துப் போட்டாத்தான் ஆளை மாத்த முடியும். அதை எங்க சீனியர்கிட்டயே கேட்டு வந்து நிக்கிறாங்க. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க.

சீனியர் அந்தக் காகிதத்தை ரெண்டு தடவை படிச்சார்.

“ஏம்மா, நான் சரியா பார்க்கலையா?”

“அய்யோ, அப்படி இல்லீங்கய்யா. புதுசா ஒருத்தர் பார்த்தா நல்லாருக்கும்னு தோணுச்சு.”

“இன்னும் ரெண்டே மாசம்தானேம்மா.”

“இல்லீங்கய்யா. இன்னைக்கே போட்டுக் குடுத்துடுங்க.”

போட்டுக் கொடுத்தார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டி ரொம்ப நேரம் துடைச்சுக்கிட்டே இருந்தார்.

அதுவும் எப்பேர்ப்பட்ட சமயத்துல. ஹைகோர்ட்ல ஒரு ஜட்ஜ் நாற்காலி காலியா இருக்கு. யார் உட்காரப் போறாங்கன்னு கேன்டீன்ல ஒரு மாசமா இதே பேச்சுதான்.

“சர்க்கார் வக்கீலுக்குத்தான்யா. தலைமை நீதிபதி நேத்து லிஃப்ட்ல அவரைப் பார்த்துச் சிரிச்சாராம்.”

“சிரிச்சா ஜட்ஜா? அப்படிப் பார்த்தா லிஃப்ட் ஆபரேட்டர்தான் முதல்ல ஆகணும்.”

“குமாஸ்தா, உங்க சீனியர் பேர்தான் மேல இருக்காம். சம்மதம் கேட்டு லெட்டர் வந்தும் பதில் போடலியாமே. பிகு பண்றாரா? இல்ல, இதைவிடப் பெரிசா ஏதாவது எதிர்பார்க்கிறாரா?”

லெட்டர் வந்தது நிஜம்தான். வந்து பத்து நாளாச்சு. வெள்ளிக்கிழமையோட கெடு முடியுது. சம்மதம்னு எழுதிட்டா ரெண்டு வாரத்துல பதவி ஏத்துக்கணும். இப்ப விட்டா, அடுத்த தடவைக்கு வயசு தாண்டிடும்.

ஏன் சார் பதில் போடலேன்னு கேட்டா, “பார்க்கலாம்யா”ங்கறார்.

என் பொண்ணைப் படிக்க வெச்ச மனுஷன். அவரை அந்த நாற்காலியில பார்க்கணும்னு எனக்கு எத்தனை வருஷத்து ஆசை தெரியுமா? மனசு கேக்காம திங்கட்கிழமை, ஆபீசுக்கு வந்த ஆயாம்மாகிட்டயே இதையெல்லாம் கொட்டினேன். முழுசாக் கேட்டுட்டு அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

“ஐயா சம்மதம் சொல்லிட்டா என் கேஸ் என்னாகும் குமாஸ்தா ஐயா?”

“என்னாகும்? வேற வக்கீல்தான் பார்க்கணும்.”

நான் எதுக்குத் துடிக்கிறேன், இவங்க எதுக்குத் துடிக்கிறாங்கன்னு சுருக்குன்னு இருந்தது. புதன்கிழமை வக்காலத்தோட வந்து நின்னப்போ எல்லாம் புரிஞ்சுபோச்சு. சீனியர் ஜட்ஜாகிட்டா நடுத்தெருவுல நிக்கணுமேன்னு பயந்து, முன்னாடியே ஆள் பிடிச்சிருக்காங்க.

வியாழக்கிழமை காலையில சீனியர் கூப்பிட்டார்.

“அந்த லெட்டருக்குப் பதில் டைப் அடிச்சிடுய்யா. சம்மதம்னு.”

ஆயாம்மா பண்ணின காரியத்துல தொழிலே வெறுத்துப் போச்சோ என்னவோன்னு நினைச்சேன். எப்படியோ, என் ஆசை நிறைவேறிச்சு. அடுத்த வாரமே அறிவிப்பு வந்தது. கேன்டீன்ல “நான்தான் அப்பவே சொன்னேனே”ன்னு சொல்லாத ஆள் இல்ல.

அன்னைக்கு மத்தியானம் ஆயாம்மாவோட கேஸ் கட்டைப் புது வக்கீல்கிட்ட ஒப்படைக்கப் போனேன். ரொம்பச் சின்ன வயசு. ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, அவ்வளவுதான் ஆபீஸ். ஒன்பது வருஷக் குறிப்பையும் சீனியர் தன் கையாலேயே வரிசையா அடுக்கிக் கட்டியிருந்தார். புது வக்கீல் பக்கம் பக்கமாப் புரட்டிப் பார்த்துட்டு நிமிர்ந்தார்.

“இதை வெச்சுக்கிட்டு யாரும் தோக்க முடியாதுங்க.”

“கேஸ் நல்ல கேஸ்தான் சார். ஆள்தான் சரியில்ல. நாளைக்கு உங்களையும் மாத்திட்டுப் போயிடுவாங்க, ஜாக்கிரதை. தங்கமான ஒரு வக்கீலை விட்டுட்டு உங்ககிட்ட எதைப் பார்த்து வந்தாங்கன்னே எனக்குப் புரியல.”

அவர் கோவிச்சுக்கல. கட்டைத் திரும்பக் கட்டினார்.

“நானும் இதையேதாங்க கேட்டேன். அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘நீங்க ஜெயிக்காட்டியும் பரவாயில்ல தம்பி, இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுங்க. என் கேஸை முடிக்காம எங்கயும் போகமாட்டேன்னு ஐயா எனக்கு வாக்குக் குடுத்திருக்கார். நானா விலகினாத்தான் அவர் ஜட்ஜாக முடியும்’னாங்க.”