சம்பந்திகள் உட்கார்ந்த பக்கம்

பாய்மரப் படகின் வலப்பக்கம் அவனுடைய அம்மா, இடப்பக்கம் மாமியார், நடுவில் பாய்க்கயிற்றோடு மாமனார், பின்னால் சுக்கானில் அவன். முன்முனையில், ஆழம் பார்க்கும் கழியோடு அவன் மனைவி.

அக்கரையில் வக்கீல் காத்திருந்தார். இன்று இருவரும் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து. எல்லாம் சம்பந்திச் சண்டையில் வந்த வினை. வேண்டாமென்று சொல்ல அவனுக்கு வாய் எழவில்லை. அதனால்தான் கடல்நீர் வடியும் நேரமாகப் பார்த்து இந்தக் கால்வாயில் படகை விட்டிருந்தான். அடிக்கட்டை தண்ணீருக்குள் ஆழமாக இறங்கியிருக்கும் படகு. மார்பளவு தண்ணீராவது இல்லாவிட்டால் தரைதட்டிவிடும்.

"ஆழம் எவ்வளவு?"

"ஆளுயரம் இருக்கு. தாராளமாப் போங்க," என்றாள் மனைவி.

அவன் அவள் முதுகையே பார்த்தான். விட்டால் போதும் என்றிருக்கிறாளா?

மறுகணம் அடியில் மணல் உராய, படகு நின்றுவிட்டது.

மாமனார் பதறவில்லை. "எல்லாரும் ஒரே பக்கமா உட்காருங்க. படகு சாஞ்சா அடிக்கட்டை மேல வந்துடும், நழுவிடலாம்."

அவன் நம்பிக்கையும் நழுவியது.

"அந்தம்மா பக்கத்துல நானா?" என்றாள் அம்மா.

"நான் மட்டும் ஏங்கிக் கிடக்கேனா?" என்றாள் மாமியார்.

இருவரும் இம்மியும் நகரவில்லை. மாமனார் தலையிலடித்துக்கொண்டார். தண்ணீரோ வடிந்துகொண்டே இருந்தது.

மனைவி கழியைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். ஈரம் இடுப்புயரத்தோடு நின்றிருந்தது.

"உனக்குக் கண்ணு தெரியலையா?"

"உங்களுக்கு மட்டும் இந்தக் கால்வாய் தெரியாதாக்கும்!"

வக்கீலுக்கு அவன் இரண்டே வரி எழுதினான்: படகு தரைதட்டிவிட்டது. இனி நாங்கள் வருவதாக இல்லை.

அவள் அதை ஓர் உறையிலிட்டு, நாக்கால் தடவி ஒட்டி, தட்டையான சிறு தோணியில் அவ்வழியே போனவரிடம் நீட்டினாள்.

"பத்திரமாக் கொடுத்துடுங்கண்ணே."