ஓட்டுநர் பக்கக் கதவு

அப்பா ஏலத்தில் வாங்கிய பழைய ராணுவ லாரியைச் சரிசெய்வது என் பொறுப்பு. மாலை வகுப்பில் மெக்கானிக் வேலை படிக்கிறேன். செய்ததையெல்லாம் நோட்டில் எழுதி வைப்பேன்.

"சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மனுஷனுக்கு லாரி ஒரு கேடு" என்பாள் அம்மா.

அப்பா தினமும் ஓட்டுநர் சீட்டில் ஏறி, கதவில் கை வைத்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

பிரேக் வேலையில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். பெயின்ட் மட்டும் நன்றாக வந்ததாகத் தோன்றியது.

இன்று ஏறிய அப்பா கதவின் உட்புறத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இங்க வரிசையா கோடு இருந்துச்சேம்மா?"

"நாப்பத்தோரு கீறல்ப்பா. ஒண்ணு விடாம தேய்ச்சு, பட்டி வச்சு, பெயின்ட் அடிச்சிட்டேன். சரியா வந்திருக்கா?"

அவர் உள்ளங்கையை அந்த இடத்திலேயே வைத்தார்.

"லீவுக்கு நாள் எண்ணி வண்டிக் கதவுல கோடு போடுறேன்னு பட்டாளத்துல இருந்து உங்கண்ணன் போன்ல சொன்னான். கடைசியா அவன் ஓட்டின வண்டிம்மா இது. அம்மாகிட்ட சொல்லிடாத."

அண்ணன் அந்த லீவுக்கு வரவே இல்லை.

நோட்டைத் திறந்தேன். பதினான்காவது வேலைக்கு நேராக என் கையெழுத்தில் இருந்தது: 'கதவுக் கீறல்கள் 41. தடம் தெரியாமல் நீக்கியாயிற்று.'