மருந்துக் குப்பித் தக்கைகள்

பெரம்பலூர்ச் சாலையோரக் கொட்டகையில், பட்டாளத்தில் கழித்துவிட்ட, டாக்டர் பஞ்சநாதன் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருக்கிறார் மெக்கானிக் மரியசூசை. கிளட்ச் தட்டின் துளைகளில் பதித்த தக்கைகள்மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டுகிறார். தக்கை மேடாக இருந்தால் நகம் தடுக்கும். ஆறு இடங்களில் வழுக்கிக்கொண்டு போகிறது. "தேஞ்சுபோச்சுங்க. மாட்டுவண்டிக்குப் பின்னாடியே கிளட்சைப் புடிச்சிக்கிட்டு ஊர்ந்தா வேற என்னங்க ஆவும்? புதுத் தட்டு மெட்ராஸ்லேருந்து வர ஒரு வாரமாவும்." டாக்டர் பஞ்சநாதன் வெயிலைப் பார்க்கிறார். "திருமானூர்ல காலரா. பொழுது சாயறதுக்குள்ள போயாவணும்."

மரியசூசையின் கண் டாக்டரின் திறந்த பெட்டியில், மருந்துக் குப்பிகளை மூடிய தக்கைகளில் நிற்கிறது. தட்டில் தேய்ந்துபோன ஆறு இடங்களையும் விரலால் தொட்டுப் பார்க்கிறார். டாக்டர் அதைக் கவனித்துவிட்டு, ஆறு தக்கைகளைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைக்கிறார். "மருந்து சிந்திடாதுங்களா?" குப்பி வாயில் பஞ்சைத் திணித்தபடியே டாக்டர் சொல்கிறார்: "சிந்துனது போக மிச்சமாவது போய்ச் சேரட்டும்."