ஒன்பது டிகிரி

ஏழு மணி நேரம் பதினெட்டு நிமிடம்.

பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தில் அவர்களுடைய கார் ஓடியது அவ்வளவுதான். இப்போது அது கொட்டகை மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. வளைவில் மோதியதில் பின் இறக்கை மூன்று துண்டு.

மற்ற கார்கள் வெளியே இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

விசாரணைக்கு வந்த அதிகாரி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். எதிரே காரை ஓட்டிய ஆல்வின், அடிபட்ட கழுத்தில் பட்டையோடு. நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த முதல் பந்தயம். ஓட்டியவன் தவறு என்று முடிந்தால் ஓராண்டுக்கு உரிமம் இல்லை. அதற்குப் பிறகு யார் கூப்பிடப் போகிறார்கள்?

முதலாளி குலசேகரன் முட்டை பப்ஸ் தின்றுகொண்டே பதில் சொன்னார். நல்ல பிள்ளைதான், வளைவில் கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டான் என்றார். சொல்லிவிட்டு ஆல்வினின் தோளைத் தட்டினார். விரல் எண்ணெய் அவன் உடுப்பில் ஒட்டியது.

ஓரமாக நின்றிருந்த அணியின் பெண் மெக்கானிக் முகத்தைச் சுளித்தாள்.

பதினொரு நாள் சோதனை ஓட்டத்தில் அந்த இறக்கையின் கோணத்தைக் கண்டுபிடித்தவள் அவள். நிமிர்த்தி வைத்தால் காற்று காரைத் தரையோடு அழுத்தும். நேர்ப்பாதையில் வேகம் செத்துவிடும். படுக்க வைத்தால் நேர்ப்பாதையில் பறக்கும். வளைவில் பின்பக்கம் கைவிட்டுவிடும்.

ஒன்பது டிகிரியில் இரண்டும் சமாதானமாகின.

அதை அட்டையில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். மாறி மாறி ஏறுகிற ஒவ்வொரு ஓட்டுநரும் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகுதான் கதவை மூடுவார்கள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவள்தான்.

ஏழாவது மணி முடிந்த நிறுத்தத்தில் ஆல்வினும் சொல்லிவிட்டுத்தான் ஏறினான். ஒன்பது.

கதவு மூடியது. பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் குலசேகரன் ஓடி வந்தார். மேல்மாடத்தில் அவருடைய விருந்தினர்கள் இருபது பேர். அங்கிருந்து நேர்ப்பாதை மட்டும்தான் தெரியும். அந்த நேர்ப்பாதையில்தான் சுற்றுக்குச் சுற்று யாராவது அவர் காரை முந்திக்கொண்டிருந்தார்கள். மானம் போகிறது என்றார் அவள் காதருகில்.

இன்னொன்றும் சொன்னார்.

இப்போது அதிகாரி அந்த அட்டையைக் கையில் எடுத்தார். இறக்கை ஒன்பதில்தானே இருந்தது என்று கேட்டார்.

ஒன்பதேதான் என்றார் குலசேகரன், அவள் பக்கம் திரும்பாமல். பப்ஸ் துகள் அட்டையில் விழுந்தது. குனிந்து ஊதிவிட்டார்.

ஆல்வினால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. உடம்பையே திருப்பி அவளைப் பார்த்தான்.

"சாரிக்கா. நீங்க வெச்சது கரெக்டாதான் இருந்துச்சு. நான்தான் சொதப்பிட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இவ்வளவு நேரம் அந்த மனிதரின் விரல்களைப் பார்த்து அருவருத்துக்கொண்டிருந்தாள். இப்போது தன் விரல்களைப் பார்த்தாள். இரண்டு முறை சோப்புப் போட்டும் கிரீஸ் வாடை போகவில்லை.

அதிகாரி கையெழுத்துக்காகத் தாளை ஆல்வின் பக்கம் நகர்த்தினார். பேனாவையும் கொடுத்தார்.

நாலு பேர் நடுவே அவள் சத்தமாகப் பேசியதே இல்லை.

சட்டைப்பையிலிருந்து, இறக்கையின் திருகைத் திருப்பும் ஆலன் கீயை எடுத்தாள். ஆல்வின் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தாள்.

"ஆறு டிகிரி சார். கதவு மூடுனப்புறம் நான்தான் இறக்குனேன். அவன்கிட்ட சொல்லல."