எட்டாவது பெயர்

அருட்பிரகாசம் மண்டியிட்டபடி காருக்குள் கையை விட்டுத் துழாவினார். எழுபத்திரண்டு வயது முழங்கால்கள் சிமெந்துத் தரையில் நோகுமே என்று பாஸ்கரன் தன் கோட்டைக் கழற்றி மடித்து அவற்றின் கீழே வைத்தார். அது நல்ல கோட்டு.

“இருக்கவேணும், தம்பி. ஸ்டியரிங்குக்குக் கீழ, வலப்பக்கம். நான்தான் ஒட்டினனான்.”

“மெதுவாத் தேடுங்க ஐயா. அவசரமே இல்லை,” என்றார் பாஸ்கரன். அவர் குரலில் அவசரம் மட்டுமே இருந்தது.

வெம்பிளியில் பாஸ்கரனின் வீட்டுக் கராஜ் அது. நடுவில் நின்றது கிரேலிங் கம்பெனியின் ஒரு பச்சை நிறப் பந்தயக் கார். 1958இல் பிரான்சில் இருபத்துநாலு மணி நேரப் பந்தயத்தில் ஓடிப் பதினோராவதாக வந்த கார் என்று சொல்லித்தான் பாஸ்கரனுக்கு விற்றிருந்தார்கள்.

அந்தக் காருக்கு இதுவரை ஏழு சொந்தக்காரர்கள். ஒரு பிரபு, ஒரு பல் வைத்தியர், ஓட்டுவதற்குப் பயந்து ஆறு வருடம் மூடியே வைத்திருந்த ஒரு விதவை என்று பட்டியல் போகும். எட்டாவது வரி காலியாக இருந்தது. அதில் தன் பெயர் வரவேண்டும் என்பதுதான் பாஸ்கரனின் ஆசை. ஜூன் மாதம் நடக்கும் அந்தப் பந்தயத்தின் நினைவு ஓட்டத்தில் அந்தக் காரை அவரே ஓட்ட வேண்டும்.

இடைஞ்சல் ஒன்றுதான். இதே எண் பொறித்த இன்னொரு பச்சைக் கார் பெல்ஜியத்தில் இருந்தது. இரண்டில் ஒன்று அசல், மற்றது நகல். 1988இல் டூட்டிங்கில் ஒரு சின்னக் கராஜுக்கு அசல் கார் பழுதுபார்க்கப் போன பிறகுதான் இந்தக் குழப்பம். அந்தக் கராஜ் முதலாளி உயிருடன் இல்லை, காகிதங்களும் இல்லை. அங்கே வேலை செய்த அருட்பிரகாசம் மட்டும் ஈஸ்ட் ஹாமில் இருந்தார்.

பழைய பந்தயக் கார்களின் சரித்திரத்தைச் சரிபார்ப்பது, பாஸ்கரன் வரவழைத்திருந்த பாமாவின் தொழில். சாட்சியிடம் முன்கூட்டியே எதையும் சொல்லக்கூடாது என்பது அவள் விதி. அதனால் போனில் பாஸ்கரன் கேட்டது இவ்வளவுதான்: “ஐயா, நீங்க கையால வேலை செஞ்ச கார் இதுதானான்னு வந்து பார்த்துச் சொல்லணும்.”

அருட்பிரகாசம் ஒரு மணி நேரம் பிந்தித்தான் வந்தார்.

“குறை நினைக்காதேங்கோ, பிள்ளை,” என்று வந்தவுடனே பாமாவிடம் சொல்லியிருந்தார். “என்ர மகள் கிளாரிற்றா புதுக்கார் எடுத்தவள். காலமைப் பூசை முடியப் பாதர் வந்து மந்திரிச்சவர்.”

“மந்திரிக்கிறதுன்னா?”

“தண்ணி தெளிச்சு, செபம் சொல்லி, மாதா மெடல் ஒண்டு வைக்கிறது. புது வாகனம் எடுத்தால் எங்கட ஆக்கள் முதல் அதைத்தான் செய்விப்பினம்.”

“நாங்க எலுமிச்சம்பழத்து மேல ஏத்துவோம்,” என்றார் பாஸ்கரன்.

“அப்ப உங்களுக்குச் செலவு குறைவு,” என்றார் அருட்பிரகாசம், சிரிக்காமல்.

இப்போது அவர் கை நின்றது. “டோர்ச்சை இஞ்சால பிடியுங்கோ.”

பாமா குனிந்து பார்த்தாள். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட அழுக்குக்கு அடியில் ஒரு சின்ன வட்டம். அருட்பிரகாசம் கைலேஞ்சியால் துடைத்தார். மெடலில் மடு மாதா தெரிந்தாள். அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பாஸ்கரனும் கூடவே போட முயன்று, பாதியில் குழம்பிக் கும்பிட்டார்.

“முதலாளி சாப்பிடப் போன நேரம் பாதரைக் கூட்டியந்தனான்,” என்றார் அருட்பிரகாசம். “ஆர் ஓட்டப்போகினம் எண்டு எங்களுக்குத் தெரியாது. ஆரெண்டாலும் சுகமா வீட்டை போய்ச் சேரவேணுமெல்லோ?”

பாஸ்கரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குத் தெரியாத ஒருவர், அவரையே தெரியாமல், அவருக்காகச் செபித்திருக்கிறார்.

“இது நீங்க வேலை செஞ்ச கார்தான். சந்தேகமே இல்லையே?” பாமா கேட்டாள்.

“ஓம். சத்தியமா இதுதான்.”

பாமா எழுதிக்கொண்டாள். பாஸ்கரன் காலையிலேயே வாங்கி வைத்திருந்த லட்டுப் பெட்டியைத் திறந்து, முதல் லட்டை அருட்பிரகாசத்தின் கையில் வைத்தார். அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தார். தன் கோட்டை எடுக்க மறந்துவிட்டார்.

“இன்னும் ஒரே ஒரு கேள்வி, ஐயா. சும்மா ஃபாரத்துக்காக,” என்றாள் பாமா. “அப்போ உங்க கராஜ்ல இதே மாதிரி வேற கார் நின்னுச்சா?”

“நிண்டது. இதே பச்சைதான். ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில.”

பாஸ்கரனின் லட்டு வாய்க்கு வராமல் நின்றது. “அதுலயும் மெடல் வச்சீங்களா?”

“சீச்சீ, இல்லை. அதுக்கு வைக்கேல்லை. இதுக்கு மட்டும்தான்.”

“கேட்டுக்கிட்டீங்களா மேடம்!” பாஸ்கரன் கை தட்டினார். “எழுதுங்க, எழுதுங்க. எட்டாவது வரியில, எஸ். பாஸ்கரன்.”

பாமா பேனாவை அந்த வரியில் வைத்தாள்.

பாஸ்கரன் சந்தோஷத்தில் இன்னொரு லட்டை நீட்டினார். “அந்தக் கார் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு ஐயா? அதுக்கு ஏன் மந்திரிக்கலை?”

அருட்பிரகாசம் லட்டை வாங்கிக்கொண்டார்.

“அது பிரான்சில ஓடின பழங்கார், தம்பி. அதைப் பக்கத்தில வைச்சு அளவெடுத்து நாங்கள் புதுசாச் செய்தது இதைத்தானே!”